புகையை விட உதவும் செயலி: சுவரில் ஒட்டினால் போதாது, கையில் கொடுக்க வேண்டும்

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இப்படி வருகிறது: நீங்கள் ஒரு சிறிய கிளினிக்கில் செவிலியர். வருகிறவர்களில் புகைப்பவர்கள் நிறைய. ஒவ்வொருவரிடமும் உட்கார்ந்து பேச ஆளும் இல்லை, நேரமும் இல்லை. ஆனால் எல்லார் கையிலும் போன் இருக்கிறது. புகையை விட உதவும் செயலி ஒன்றை அறிமுகப்படுத்தலாமா, அது உண்மையிலேயே வேலை செய்யுமா, எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது, எப்படிக் கொடுப்பது?

நான் பல வருடமாகப் புகை நிறுத்த ஆலோசனையில் இருப்பவன். செயலிகளை ஆசை ஆசையாகப் பரிந்துரைத்து, ஏமாந்து, அப்புறம் வேறு மாதிரி பரிந்துரைக்கக் கற்றுக்கொண்டவன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

அறிமுகப்படுத்தலாம். ஆனால் அறிமுகம் என்று நீங்கள் எதைச் சொல்கிறீர்கள் என்பதைப் பொறுத்துத்தான் பலன். என் முதல் முயற்சியை முதலில் சொல்லிவிடுகிறேன். காத்திருக்கும் அறையின் சுவரில் க்யூஆர் கோடு போட்ட போஸ்டர் ஒன்றை ஒட்டினோம். அழகான போஸ்டர். நிறையப் பேர் ஸ்கேன் செய்தார்கள், எங்களுக்கும் ஒரே சந்தோஷம். ஒரு மாதம் கழித்துத் திரும்ப வந்தவர்களிடம் விசாரித்தால், "போட்டேன் சார், அதுக்கப்புறம் திறக்கவே இல்லை" என்பதுதான் பொதுவான பதில். ஒருவர் போனை எடுத்தே காட்டினார். செயலி இருந்தது. 'உங்களை எப்படி அழைக்கலாம்?' என்ற முதல் கேள்வியிலேயே நின்றுகொண்டிருந்தது. ஒரு மாதமாக அது அவர் பெயரைக் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறது.

அன்றைக்குப் புரிந்தது, செயலியைப் போனில் ஏற்றுவது ஒரு வேலை, அதை ஒருவரின் நாளுக்குள் ஏற்றுவது இன்னொரு வேலை என்று. முதலாவதைப் போஸ்டர் செய்யும். இரண்டாவதை ஒரு ஆள் பத்து நிமிடம் உட்கார்ந்துதான் செய்ய முடியும்.

செயலி எங்கே உதவ முடியும் என்பது தெரிய, உடம்புக்குள் நடப்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். புகையோடு உள்ளே போன நிகோடின் 10 முதல் 20 நொடிக்குள் மூளையைத் தொட்டுவிடுகிறது. ரத்தத்தில் அதன் அளவு பாதியாகக் குறைய ஏறக்குறைய 2 மணி நேரம். அதனால்தான் நாள் முழுக்க விட்டு விட்டுப் பற்றவைக்கிறார்கள். இரவெல்லாம் தூங்கி எழுந்த பிறகு அடிக்கும் முதல் தம்முக்கு அத்தனை மவுசு இருப்பதும் அதனால்தான். நிறுத்தினால் எரிச்சல், தூக்கக் குறைவு, பசி, எதிலும் மனம் நிற்காமை எல்லாம் முதல் 2, 3 நாளில் உச்சிக்கு ஏறும். பிறகு இறங்கத் தொடங்கி, 2 முதல் 4 வாரத்துக்குள் பெரும்பாலும் அடங்கும். ஆனால் புகைக்க வேண்டும் என்ற தவிப்பு நாள் முழுக்க ஒரே சீராக இருப்பதில்லை. அலை மாதிரி வரும், போகும். ஒவ்வொரு அலையும் பெரும்பாலும் சில நிமிடம்தான்.

அந்தச் சில நிமிடம்தான் விஷயமே. சாப்பிட்டு முடித்ததும், மேலதிகாரியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு வெளியே வந்ததும், காப்பிக் கோப்பையைக் கையில் எடுத்ததும், கை தன்னால் சட்டைப் பைக்குப் போகும். அந்த நேரத்தில் டாக்டர் பக்கத்தில் இல்லை, நீங்கள் இல்லை, நானும் இல்லை. போன் இருக்கிறது. செயலியின் பலம் என்று நான் கருதுவது இது ஒன்றைத்தான். அறிவுரை சொல்வதற்குச் செயலி தேவையில்லை. புகை கெடுதல் என்று தெரியாமல் யாரும் புகைப்பதில்லை.

சரி, ஆதாரம் என்ன சொல்கிறது? இங்கே கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள், ஏனென்றால் பாதிக் கதையை மட்டும் சொல்கிறவர்கள் இரண்டு பக்கமும் இருக்கிறார்கள்.

கதை செயலியில் தொடங்கவில்லை, குறுஞ்செய்தியில் தொடங்கியது. 2005-இல் நியூசிலாந்தில் 1,700-க்கும் மேற்பட்டவர்களை வைத்து ஒரு சோதனை நடந்தது. குறுஞ்செய்தி ஆதரவு பெற்றவர்களில் 28 சதவீதம் பேர் 6 வாரத்தில் புகைக்காமல் இருப்பதாகச் சொன்னார்கள். மற்ற குழுவில் 13 சதவீதம். அதன் பிறகு பிரிட்டனில் 'டெக்ஸ்ட் டூ ஸ்டாப்' என்ற பெரிய சோதனை, 5,800 பேர். முடிவு 2011-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. 6 மாதம் தொடர்ந்து புகைக்காமல் இருந்தவர்கள், அதுவும் வாய்ச்சொல்லை நம்பாமல் பரிசோதனை செய்து உறுதிப்படுத்தப்பட்டவர்கள், 10.7 சதவீதம். ஒப்பீட்டுக் குழுவில் 4.9. ஏறத்தாழ இரண்டு மடங்கு. யார் உதவியும் இல்லாமல் தானாக நிறுத்த முயல்கிறவர்களில் 6 மாதம், ஒரு வருடம் தாண்டுகிறவர்கள் 100-க்கு 3 முதல் 5 பேர்தான் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு இந்த எண்களைப் படியுங்கள். இந்தத் துறையில் 10 சதவீதம் என்பது சின்ன எண் இல்லை.

ஸ்மார்ட்போன் செயலிகள் வந்ததும், குறுஞ்செய்தியே இவ்வளவு செய்தால் படமும் விளையாட்டும் உள்ள செயலி எவ்வளவு செய்யும் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். 2019-இல் காக்ரேன் அமைப்பு (மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் சர்வதேச அமைப்பு) அதுவரை நடந்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தது. குறுஞ்செய்தித் திட்டங்கள் வெற்றி வாய்ப்பைக் கிட்டத்தட்ட ஒன்றரை மடங்காக்குகின்றன என்பது அங்கேயும் உறுதியானது. செயலிகளைப் பற்றிய 5 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோதோ, குறைந்த அளவு உதவி பெற்றவர்களுக்கும் செயலி பயன்படுத்தியவர்களுக்கும் வித்தியாசமே தெரியவில்லை.

இது ஏன் என்று எனக்கு ஒரு கருத்து உண்டு, ஆய்வு முடிவாக எடுத்துக்கொள்ளாதீர்கள். குறுஞ்செய்தி உங்களைத் தேடி வருகிறது. செயலியைத் தேடி நீங்கள் போக வேண்டும். தவிப்பு தலைக்கேறிய ஆள் எதையும் தேடிப் போகிற நிலையில் இருப்பதில்லை. பெட்டிக்குள் பத்திரமாக இருக்கும் மருந்தும், மூன்றாவது திரையில் ஒரு கோப்புறைக்குள் ஒளிந்திருக்கும் செயலியும் ஒன்றுதான்.

அப்புறம் நிலைமை கொஞ்சம் மாறியது. 2020-இல் அமெரிக்காவில் 2,415 பேரை வைத்து ஒரு செயலியை இன்னொரு செயலியோடு மோதவிட்டார்கள். இரண்டுமே ஒழுங்காகச் செய்யப்பட்டவை. ஒன்று, அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் 'க்விட்கைடு'. தவிப்பைத் தவிர்க்க, கவனத்தைத் திருப்ப, காரணங்களை நினைத்துப் பார்க்கச் சொல்லிக் கொடுப்பது. இன்னொன்று 'ஐகேன்க்விட்'. தவிப்பை விரட்டாதே, அது வந்து போகட்டும், நீ பார்த்துக்கொண்டிரு என்று பழக்குவது. 12 மாதம் கழித்து, கடந்த 30 நாளில் ஒன்றுகூடப் புகைக்கவில்லை என்றவர்கள் இரண்டாவதில் 28 சதவீதம், முதலாவதில் 21. அவர்கள் சொன்னதைத்தான் எழுதிக்கொண்டார்கள், மூச்சைப் பரிசோதிக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆனாலும் இதில் ஒரு பாடம் இருக்கிறது. செயலி என்ற வடிவத்தில் குறை இல்லை, உள்ளே என்ன சொல்லிக் கொடுக்கிறோம் என்பது வித்தியாசத்தை உண்டாக்குகிறது.

அதே வருடம் ஜப்பானில் இன்னொன்று நடந்தது. உங்கள் கிளினிக்குக்கு இதுதான் நெருக்கமான உதாரணம். மருத்துவர் எழுதிக் கொடுக்கும் செயலி ஒன்றுக்கு, 'க்யூர்ஆப்', அந்நாட்டு அரசு 2020 ஆகஸ்டில் மருத்துவச் சாதனம் என்ற ஒப்புதலே கொடுத்தது. அதோடு, புகையால் மூச்சில் ஏறும் கார்பன் மோனாக்சைடு வாயுவை வீட்டிலேயே ஊதிப் பார்க்கும் சின்னக் கருவியும் உண்டு. சோதனையில் 584 பேர். எல்லாருக்குமே மருந்தும் மருத்துவர் சந்திப்பும் வழக்கம்போல் உண்டு. பாதிப் பேருக்கு மட்டும் கூடுதலாக இந்தச் செயலியும் கருவியும். 9-ஆம் வாரத்திலிருந்து 24-ஆம் வாரம் வரை விடாமல் புகைக்காமல் இருந்தவர்கள் செயலிக் குழுவில் 63.9 சதவீதம், மற்றதில் 50.5. இரண்டு எண்ணுமே உயரம் என்பதைக் கவனியுங்கள். மருந்து, ஆள், செயலி மூன்றும் சேர்ந்த இடம் அது.

உலக சுகாதார நிறுவனம் 2024 ஜூலையில் வெளியிட்ட புகையிலை நிறுத்தச் சிகிச்சை வழிகாட்டியும் இதே வரிசையில்தான் நிற்கிறது. மருந்தும் ஆலோசனையும் சேர்ந்து நடக்கட்டும். குறுஞ்செய்தி, செயலி, இணையம், செயற்கை நுண்ணறிவு உதவி போன்றவை அதற்குத் துணையாகவோ, தானே முயல்கிறவர்களுக்கு ஒரு கருவியாகவோ இருக்கட்டும் என்கிறது.

இனி தேர்வு. ஆப் ஸ்டோரில் தேடினால் மலை மாதிரி குவியும். 2009-இலேயே ஐபோனுக்கான 47 செயலிகளை எடுத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வாளர்கள், மருத்துவ வழிகாட்டி சொல்வதற்கும் இவற்றுக்கும் சம்பந்தம் குறைவு என்று எழுதினார்கள். இன்றும் பல செயலிகள் அடிப்படையில் ஒரு கணக்குப் பிள்ளைதான்: இத்தனை நாள், இத்தனை சிகரெட், இத்தனை பணம் மிச்சம். அது தேவையில்லை என்று சொல்லவில்லை, சிலருக்கு அந்த எண் ஏறுவதைப் பார்ப்பதே தெம்பு. ஆனால் அது மட்டும் இருந்தால் போதாது.

நான் ஒரு செயலியை எடைபோட முதலில் செய்வது வேடிக்கையாக இருக்கும். அதைப் போட்டு, இரண்டு நாள் கழித்து, 'நான் ஒரு சிகரெட் புகைத்துவிட்டேன்' என்று பதிவு செய்து பார்ப்பேன். அப்போது அது என்ன செய்கிறது?

இதற்குக் காரணம் ஒரு மனிதர். 41 நாள் தாண்டிவிட்டிருந்தார். ஒரு துக்க வீட்டில், பழைய நண்பர்கள் மத்தியில், ஒன்று பற்றவைத்துவிட்டார். நேர்மையானவர், செயலியில் அதைப் பதிந்தார். 41 என்று பெரிதாக இருந்த எண் கண்முன்னே 0 ஆகிவிட்டது. "நாற்பத்தோரு நாளும் போச்சு சார், இனிமே ஒண்ணு என்ன பத்து என்ன" என்று அன்று மாலையே ஒரு பாக்கெட் வாங்கிவிட்டார், செயலியையும் நீக்கிவிட்டார். போதை மீட்பில் பெயர் பெற்ற உளவியலாளர் ஆலன் மார்லட் பல வருடம் முன்பே விளக்கிய விஷயம் இது: ஒரு சறுக்கலை விட, 'எல்லாம் போயிற்று, நான் இவ்வளவுதான்' என்ற எண்ணம்தான் ஆளை முழுதாகக் கவிழ்க்கிறது. அந்தச் செயலியை எழுதியவருக்கு இது தெரிந்திருந்தால், '42 நாளில் 41 நாள் புகையில்லை. இந்த ஒன்று எங்கே நடந்தது, யார் இருந்தார்கள்?' என்று கேட்க வைத்திருப்பார். ஒரு வரி மாற்றம்தான். சறுக்கலைப் பதிந்தால் பூஜ்ஜியத்துக்குத் தள்ளும் செயலியை நான் யாருக்கும் கொடுப்பதில்லை.

அடுத்து, தவிப்பு வந்த கணத்தில் அதைத் திறந்தால் எத்தனை தட்டலில் உதவி கிடைக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். ஒன்று அல்லது இரண்டு. விளம்பரம், 'பிரீமியம் வாங்குங்கள்', நட்சத்திர மதிப்பீடு கேட்பது இதெல்லாம் குறுக்கே வந்தால் அந்த மனிதர் அதற்குள் பற்றவைத்துவிடுவார். மருந்தைப் பற்றி ஏதாவது சொல்கிறதா என்று பாருங்கள். மன உறுதி போதும், மருந்தெல்லாம் ஊன்றுகோல் என்கிற தொனி இருந்தால் விட்டுவிடுங்கள். படிக்கிறவரின் மொழியில் இருக்கிறதா, இணையம் இல்லாத இடத்தில் திறக்கிறதா என்பதும் முக்கியம்.

தனியுரிமையை லேசாக எடுக்காதீர்கள். 2019-இல் மனச்சோர்வுக்கும் புகை நிறுத்தத்துக்குமான முன்னணிச் செயலிகள் 36-ஐ எடுத்து, அவை எங்கெங்கே தகவல் அனுப்புகின்றன என்று சோதித்தார்கள். 29 செயலிகள் விளம்பரத்துக்காகவோ பயன்பாட்டுக் கணக்குக்காகவோ கூகுளுக்கோ ஃபேஸ்புக்குக்கோ தகவல் அனுப்பிக்கொண்டிருந்தன. கூகுளுக்கு அனுப்பிய 28-இல் 12 மட்டுமே அதைத் தங்கள் கொள்கையில் சொல்லியிருந்தன. ஒருவர் புகைக்கிறார், இன்று மனம் சரியில்லை, இரவு தூங்கவில்லை என்பதெல்லாம் அவருடைய மருத்துவக் குறிப்பு. கணக்குத் தொடங்காமலே பயன்படுத்த முடிகிற செயலி கிடைத்தால் அதற்கு முதலிடம் கொடுங்கள். நடத்துவது யார், வருமானம் எங்கிருந்து வருகிறது என்பதையும் ஒரு பார்வை பாருங்கள். சிகரெட்டுக்குப் பதில் வேறு எதையாவது விற்கிறவர்கள் பின்னால் இருந்தால் அது உதவி இல்லை, கடை.

இப்போது நான் சொல்ல வந்த இடத்துக்கு வருகிறேன்: கொடுக்கும் விதம். சென்ற வருடம் ஒரு கிடங்கில் இரவுப் பணி செய்கிறவர் வந்தார். ஒரு நாளைக்கு இருபதுக்குக் குறையாது. அவரிடம் செயலியைப் பற்றி ஆரம்பத்தில் வாயே திறக்கவில்லை.

"எந்திரிச்சு எவ்வளவு நேரத்துல முதல் தம்?"

"கண்ணு முழிச்சதும் சார். பல்லு விளக்குறதுக்கு முன்னாடி."

இந்த ஒரு கேள்வியே பாதி நோயறிதல். எழுந்த 5 நிமிடத்துக்குள் என்றால் நிகோடின் பிடி மிக இறுக்கம், அரை மணிக்குள் என்றாலும் கணிசம்தான். இப்படிப்பட்டவருக்குச் செயலியை மட்டும் கொடுத்து அனுப்புவது, காய்ச்சல்காரனுக்கு வெப்பமானியை மட்டும் கொடுத்து அனுப்புகிற மாதிரி. டாக்டரிடம் பேசி, தோலில் ஒட்டினால் நாள் முழுக்க மெதுவாக நிகோடின் கொடுக்கும் பேட்சும், தவிப்பு வரும்போது வாயில் போட்டுக்கொள்ள நிகோடின் சூயிங்கமும் தொடங்கினோம். இரண்டையும் சேர்த்துக் கொடுப்பது ஒன்றை மட்டும் கொடுப்பதை விடப் பலன் தரும் என்பதற்கு நல்ல ஆதாரம் உண்டு. புகையை விட உதவும் வாரெனிக்ளின், சைட்டிசின் போன்ற மாத்திரைகளும் இருக்கின்றன. அது டாக்டர் முடிவு.

பிறகுதான் போனை எடுக்கச் சொன்னேன். அவர் கையிலேயே போன், தட்டுவதும் அவரேதான். நான் பக்கத்தில். முதலில் நிறுத்தும் நாள். இரண்டு வாரத்துக்குள் ஒரு தேதி, அவரே சொன்னது, வார விடுமுறை நாள். "கொஞ்சம் கொஞ்சமா குறைச்சுக்கிறேனே சார்" என்றார். எல்லாரும் சொல்வதுதான். ஆனால் 2016-இல் வந்த ஒரு பிரிட்டன் ஆய்வில், ஒரே நாளில் நிறுத்தியவர்களில் 49 சதவீதம் பேர் 4 வாரம் தாக்குப்பிடித்தார்கள், படிப்படியாகக் குறைத்து நிறுத்தியவர்களில் 39 சதவீதம். குறைத்துத்தான் வருவேன் என்று ஒருவர் பிடிவாதமாக இருந்தால் நான் சண்டை போடுவதில்லை, முயலாமல் இருப்பதை விட அது மேல். இவர் ஒப்புக்கொண்டார்.

அடுத்து நினைவூட்டல். செயலி தானாக வைத்திருந்தது காலை 9, மதியம் 1, மாலை 6. இவருக்கோ காலை 9 மணி தூங்கும் நேரம்! மூன்றையும் அழித்துவிட்டு, அவருடைய தம் நேரத்தைக் கேட்டோம். இரவு பதினொன்றரைக்கு முதல் இடைவேளை, எல்லாரும் பின் கதவுக்கு வெளியே போவார்கள். 11:25-க்கு ஒரு நினைவூட்டல். அதில் வரும் வாசகத்தையும் அவரையே எழுதச் சொன்னேன். 'பின் கதவுக்குப் போகாதே. முன்பக்கம் தண்ணீர் எடுத்துக்கொண்டு நட.' இது நடந்தால் இது செய்வேன் என்று முன்கூட்டியே முடிச்சுப் போட்டு வைப்பது, 'மன உறுதியோடு இருங்கள்' என்ற பொது வாசகத்தை விடப் பல மடங்கு பிடிக்கும். செயலிக்காரர் எழுதிய வாசகம் எல்லாருக்கும் பொது, இது அவர் குரல்.

பின் செயலியின் குறியீட்டை முகப்புத் திரையின் கீழ் வரிசைக்கு, கட்டைவிரல் எட்டும் இடத்துக்கு நகர்த்தினார். தவிப்பு பொத்தானை அங்கேயே ஒரு முறை அழுத்திப் பார்க்கச் சொன்னேன், நெருப்பு அணைப்புக் கருவியைத் தீப்பிடிக்கும் முன்னே எடுத்துப் பார்ப்பது மாதிரி. மூச்சை மெதுவாக விட வழிகாட்டும் ஒரு வட்டம் விரிந்து சுருங்கியது. பிறகு 'இந்தத் தவிப்பு உடம்பில் எங்கே தெரிகிறது?' என்ற கேள்வி. அவர் சிரித்துவிட்டு, "தொண்டையில" என்றார். நெஞ்சிலும் மனத்திலும் பெரிய பூதமாக இருந்த ஒன்று, தொண்டையில் ஒரு சின்ன இடமாகச் சுருங்கியது அப்போதுதான். அந்த மாதிரிச் செயலிகள் செய்ய முயல்வதும் அதைத்தான்.

சூயிங்கத்துக்கும் செயலிக்கும் ஒரு சின்னத் தொடர்பு இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். நிகோடின் கம்மைச் சாதாரணக் கம் மாதிரி விடாமல் மென்றால் நிகோடின் எச்சிலோடு வயிற்றுக்குப் போய் விக்கல், குமட்டல்தான் மிச்சம். மெதுவாகக் கடித்து, காரம் ஏறியதும் கன்னத்தோரம் ஒதுக்கி வைத்து, காரம் குறைந்ததும் மறுபடி கடிக்க வேண்டும். காப்பி, பழச்சாறு குடித்த கையோடு போட்டால் வாய் வழியாகச் சரியாக ஏறாது, கால் மணி நேரம் விட வேண்டும். சொன்னால் மறந்துவிடுவார்கள். இதை ஒரு நிமிடக் காணொளியாக வைத்திருக்கும் செயலி இருந்தால், அது நூறு வாழ்த்துச் செய்தியை விட உபயோகம்.

யாருக்குச் செயலியை மட்டும் கொடுத்து அனுப்பக் கூடாது என்பதையும் சொல்ல வேண்டும். கர்ப்பிணிகள், சமீபத்தில் மாரடைப்பு வந்தவர்கள், கடும் மனநோய்க்கு மருந்து எடுப்பவர்கள் டாக்டர் பார்வையில்தான் இருக்க வேண்டும். குறிப்பாக மனநோய்க்கான க்ளோசபின், ஒலான்சபின், மூச்சிரைப்புக்கான தியோஃபிலின் ஆகிய மருந்துகளை எடுப்பவர்கள். புகையில் உள்ள தார்ப் பொருட்கள் கல்லீரலை முடுக்கிவிட்டு இந்த மருந்துகளை வேகமாகக் கரைக்கின்றன. புகையை நிறுத்தினால் அந்த முடுக்கம் போய்விடும், அதே அளவு மாத்திரை ரத்தத்தில் அதிகமாகத் தேங்கும். பேட்ச் போட்டாலும் இது மாறாது, ஏனென்றால் காரணம் நிகோடின் இல்லை, புகை. சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போடுகிறவர்களும் அளவைக் கவனிக்க வேண்டும். காப்பியிலும் இதே கதை உண்டு: நிறுத்திய வாரத்தில் படபடப்பும் தூக்கமின்மையும் வந்தால், பாதிப் பழி வழக்கம்போல் குடித்த காப்பிக்கு. கோப்பையைப் பாதியாக்கச் சொல்லுங்கள்.

இன்னொரு கூட்டம் உண்டு, நாம் மறந்துவிடுவோம். வீட்டில் ஒரே போனைப் பலர் பயன்படுத்துவார்கள். தான் புகைப்பது வீட்டுக்கே தெரியாத பெண் இருப்பார். 'இன்று புகையில்லா 3-ஆம் நாள்' என்று பூட்டிய திரையில் ஒளிர்ந்தால் அவருக்கு உதவியை விட உபத்திரவம் அதிகம். அறிவிப்பில் வாசகம் தெரியாதபடி வைக்க முடியுமா என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள். பொத்தான் போன் வைத்திருக்கும் முதியவரிடம் செயலியைப் பற்றிப் பேசி அவரைச் சிறியவராக்க வேண்டாம். அவருக்குக் குறுஞ்செய்தி இருக்கிறது, மேலே பார்த்தபடி அதற்குத்தான் ஆதாரமும் வலு.

பலனை எப்படி அளப்பது? பதிவிறக்க எண்ணிக்கையை மேலிடத்துக்கு அறிக்கையாக அனுப்பாதீர்கள், அது எங்கள் போஸ்டர் சந்தோஷம். நிறுத்தும் நாளிலிருந்து 4 வாரம், அப்புறம் 6 மாதம், இந்த இரண்டு இடத்தில் கேளுங்கள். முடிந்தால் மூச்சில் கார்பன் மோனாக்சைடு பாருங்கள். அது உடம்பில் பாதியாக 4 முதல் 6 மணி நேரம் ஆகும், ஆகவே கடந்த ஒரு நாளின் கதையைத்தான் சொல்லும், கடந்த மாதத்தின் கதையைச் சொல்லாது. ஆனாலும் நிறுத்திய மறுநாளே எண் விழுவதைப் பார்க்கிறவர் முகத்தைப் பார்க்க வேண்டும். சோதனைக் கருவி என்பதை விட ஊக்கக் கருவியாகத்தான் அது எனக்கு உபயோகப்பட்டிருக்கிறது. பதில் சொல்லாதவர்களைப் புகைக்கிறவர்களாகவே கணக்கில் வையுங்கள். மனதுக்குக் கஷ்டமாக இருக்கும், ஆனால் ஆய்வுகளிலும் அப்படித்தான் செய்கிறார்கள்.

கிடங்குக்காரர் என்ன ஆனார் என்று கேட்பீர்கள். முதல் தடவை 3-ஆம் வாரத்தில் விட்ட இடத்துக்கே போனார். இரண்டு மாதம் கழித்து மறுபடி வந்தார். செயலியை நீக்கியிருக்கவில்லை. 11:25 நினைவூட்டலை மட்டும் 2:40-க்கு மாற்றச் சொன்னார், கவிழ்ந்தது இரண்டாவது இடைவேளையில்தானாம். அது அவருக்கே தெரிந்திருந்தது. இரண்டாவது தடவை தொடங்கி இப்போது ஆறாவது மாதம்.

உங்களுக்கு என் யோசனை: முதல் மாதம் பத்துப் பேருக்கு மேல் எடுக்காதீர்கள். ஒரே ஒரு செயலி, ஒரு குறுஞ்செய்தித் திட்டம், இரண்டையும் நீங்களும் உடன் வேலை செய்கிறவரும் ஒரு வாரம் உங்கள் போனில் போட்டுப் பாருங்கள். ஒவ்வொருவருக்கும் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். நிறுத்திய 3-ஆம் நாள், தவிப்பு உச்சியில் இருக்கும் அன்று, அவரைக் கூப்பிட்டு "எப்படி இருக்கீங்க?" என்று கேட்கப்போவது யார் என்பதை நோட்டில் பெயர் போட்டு எழுதிவிட்டு, அதற்குப் பிறகு முதல் ஆளை உட்கார வையுங்கள்.